ஹெல்வெல்லின் மலையில் காற்றும் பனியும்: லேக் டிஸ்ட்ரிக்ட் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, திங்கள்: கிளென்ரிட்டிங்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியா வட்டாரத்தில் இருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட். 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்காஃபெல் பைக் இதற்குள்தான் இருக்கிறது, 978 மீட்டர். நாங்கள் தேடிப் போனது மூன்றாவது இடத்தில் இருக்கும் ஹெல்வெல்லின், 950 மீட்டர். எண்ணை மட்டும் பார்த்தால் சிறிய மலை. ஆனால் வீடு திரும்பிப் பல நாள்களாகியும் தொடைச் சதை இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. அங்கே இரவு நேரங்களில் எழுதி வைத்த குறிப்புகளை நாள்வாரியாகத் தருகிறேன்.

பென்ரித்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே தூறல். மான்செஸ்டரில் வேலை செய்யும் தம்பி எனக்கு முன்பே வந்து, நிலையத்தின் கூரைக்கடியில் மழைச் சட்டையோடு நின்றிருந்தான். அங்கிருந்து மலைக்குப் பஸ். ஒற்றைப் பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால், ஒரு தேநீரின் விலையில் ஏரிக்கரை முழுவதையும் பார்த்துக்கொண்டே போக முடிகிறது. பாதி வழியில் காய்கறிப் பைகளோடு ஏறிய ஒரு மூதாட்டி, தன் வீட்டு வாசலை ஒட்டிய நிறுத்தத்தில் இறங்க எழுந்தார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தானே இறங்கிப் பைகளைக் கதவடியில் வைத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு வாய்விட்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். சிறுவர்கள்கூட.

பூலி பிரிட்ஜ் தாண்டியதும் இடப்புறம் அல்ஸ்வாட்டர் ஏரி வந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் நீளம். அகலம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆழமோ 60 மீட்டருக்கு மேல். இந்த அளவுகளைக் கேட்டாலே இது பனியாறு தோண்டிய பள்ளம் என்று தெரிந்துவிடும். வரைபடத்தில் ஏரி மூன்று துண்டாக வளைந்து கிடக்கும். பஸ் ஒவ்வொரு வளைவைத் திரும்பும்போதும் மலைகள் ஒரு படி உயர்ந்தன. கடைசி வளைவில் மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றன.

கிளென்ரிட்டிங்கில் இறங்கி, முதுகுச் சுமையோடு ஓடைக்கரை வழியாக விடுதிக்கு ஏறினோம். 1962இல் மூடப்பட்ட கிரீன்சைடு ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில், ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது விடுதி. தாரில்லாத பாதை, முகத்தில் அறையும் மழை. பக்கத்தில் ஓடை பழுப்பாகப் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது இந்த ஓடைதான் பாறைகளை உருட்டிக்கொண்டு ஊருக்குள் புகுந்தது.

விடுதியின் உயிர் அதன் உலர்த்தும் அறையில் இருக்கிறது. சூடான குழாய்கள் ஓடும் சிறிய அறை. வரிசை வரிசையாகத் தொங்கும் மழைச் சட்டைகள், ஈரக் கம்பளியின் வாடை, தரை முழுவதும் காலணிகள். என் காலணிகளை வெறுமனே சுவரோரம் வைத்ததைப் பார்த்த ஒரு பெரியவர், கையிலிருந்த செய்தித்தாளைக் கிழித்துப் பந்து பந்தாகச் சுருட்டி விரல் நுனி வரை திணித்துக் காட்டினார். "ஒரு மணி நேரம் கழித்து இதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் கல்லாக இருக்கும்" என்றார். சொன்னதோடு நிற்காமல், ஒரு மணி நேரம் கழித்து மீதித் தாளைத் தேடிக் கொண்டுவந்தும் கொடுத்தார்.

இரவுச் சாப்பாடு 12 பவுண்டு. பருப்பும் காரட்டும் கெட்டியாக வெந்திருக்க, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி மேற்புறம் சிவக்கச் சுட்டிருந்தார்கள். காரம் துளியும் இல்லை. நனைந்து வந்த உடம்புக்கு அது தேவைப்படவும் இல்லை. அறிவிப்புப் பலகையில் மறுநாள் வானிலை: முகட்டில் தென்மேற்குக் காற்று, அவ்வப்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வரை.

செப்டம்பர் 9, செவ்வாய்: ரெட் டார்ன்

மழை நின்றிருந்தது. காற்று நிற்கவில்லை. சிகரம் வேண்டாம், அதற்கு ஏறிப்போகும் ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகட்டின் தொடக்கம் வரை போய்ப் பார்ப்போம் என்று பேசிக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம். எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்கிறார்கள். குறுகலான இடத்தில் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிடுகிறார். ஊருக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகிற அதே மனிதர்கள் மலையில் ஒரு வேலிக் கதவைத் தாண்டியதும் நின்று பேசுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகடு தொடங்கும் இடத்தில் ஒரு கற்சுவர் மலையைக் குறுக்கே கடக்கிறது. சுவரில் ஓரிடத்தில் இடைவெளி. ஹோல் இன் த வால் என்று வரைபடத்திலேயே அதற்குப் பெயர் இருக்கிறது. சாந்து வைக்காமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர் அது: இரண்டு பக்கமும் பெரிய கற்கள், நடுவில் சில்லுகள், இடையிடையே இரு பக்கத்தையும் இணைக்கும் நீளக் கற்கள். சாந்து இல்லாததால் காற்று கொஞ்சம் ஊடுருவிப் போக முடிகிறது.

அந்தச் சுவரின் மறைவில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் நாயோடு உட்கார்ந்திருந்தார். கீழே பேட்டர்டேல் ஊர்க்காரர். முகட்டில் ஏறலாமா என்று தம்பி கேட்டான். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "சுவரை விட்டு வெளியே போய்ப் பத்தடி நடந்து பாருங்கள். நேராக நடக்க முடிந்தால் போங்கள்" என்றார்.

நடந்து பார்த்தோம். மூன்றாவது அடியில் என் வலது கால் நான் வைத்த இடத்தில் விழவில்லை. முதுகுப் பையைக் காற்று பிடித்து இழுக்கிறது. ஒரு நொடி விட்டுவிடுகிறது. எதிர்த்துச் சாய்ந்திருந்த உடம்பு அந்த நொடியில் தடுமாறுகிறது. வலுவான காற்றைவிட, வலு மாறிக்கொண்டே இருக்கும் காற்றுதான் ஆபத்து என்பது உடம்புக்கே புரிந்தது. "அக்கா, திரும்பிவிடலாம்" என்று தம்பி கத்தியது பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

திரும்பி வந்ததும் அந்த அம்மாள் பையைத் திறந்து உலர்பழக் கேக்கை வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு பாளம் பாலாடைக்கட்டி வைத்து நீட்டினார். இனிப்பின் மேல் உப்பு. இங்கே வடக்கில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்றார். இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன். இந்த மலையில் யாராவது விழுந்தால் தேடிப் போவது பேட்டர்டேல் மீட்புக் குழு. அதில் இருப்பவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. "இரவு இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால், மலையில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்" என்றார் அவர்.

அங்கிருந்து ரெட் டார்ன் குளத்துக்கு இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே கறுத்த நீர். மூன்று பக்கமும் சுவராக எழும் பாறை: இடப்புறம் ஸ்ட்ரைடிங் எட்ஜ், வலப்புறம் ஸ்விரல் எட்ஜ், நடுவில் ஹெல்வெல்லினின் செங்குத்தான முகம். பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில், பனியாறு தோண்டிய கிண்ணக் குழியைச் சர்க் என்றும் இரு குழிகளுக்கு இடையில் நிற்கும் கூர்முகட்டை அரெட்டு என்றும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சர்க்கின் உள்ளே நிற்பது இதுதான் முதல் முறை.

ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, படம் வரைந்த காலத்தில் புரியாத ஒன்று கண்ணெதிரே நடந்தது. மேற்கிலிருந்து வந்த மேகம் சிகரத்தின் விளிம்பைத் தாண்டியதும் அப்படியே கீழே கொட்டியது. மேட்டின் மேல் வேகமாக ஓடிவந்த காற்று, இந்தப் பக்கம் வந்ததும் சுழன்று வேகம் இழந்தது; தூக்கி வந்ததையெல்லாம் குழிக்குள் போட்டது. இன்று அது போட்டது மேகத்தை. பனிக்காலங்களில் அது போட்டது பனித்தூளை. மேற்குச் சரிவில் விழுந்த பனியைக் காற்று அள்ளி, வெயில் குறைவாகப் படும் இந்த வடகிழக்குப் பக்கத்தில் ஆண்டாண்டாகக் குவித்தது. குவிந்தது இறுகிப் பனிக்கட்டியானது. பனிக்கட்டி தன் எடையால் மெல்ல நகர்ந்து, பின்சுவரின் பாறையைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்து, அடித்தரையைச் சுரண்டிக் குழியை ஆழப்படுத்தியது. முகட்டின் மறுபக்கம் நெதர்மோஸ்ட் கோவ் என்ற இன்னொரு குழியிலும் இதே வேலை. இரண்டு குழிகளும் முதுகோடு முதுகாகப் பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்து, இடையில் மிச்சம் விட்ட மெல்லிய பாறைதான் ஸ்ட்ரைடிங் எட்ஜ்.

காலையில் எங்களை நடக்கவிடாத அதே தென்மேற்குக் காற்றுக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. அதை நினைத்ததும் திரும்பி வந்த ஏமாற்றம் போய்விட்டது.

நாடு முழுவதையும் மூடிய பெரும் பனிப்படலம் உருகிய பிறகு, சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு மீண்டும் ஒரு குளிர் வந்து, இத்தகைய உயரக் குழிகளில் சிறு பனியாறுகள் திரும்பவும் உருவாயின. குளத்தின் வாயில் மேடு மேடாகக் கிடக்கும் மொரைன் என்ற கல்மண் குவியல்கள் பனி விட்டுச் சென்றவை. தண்ணீருக்குள்ளும் ஒரு மிச்சம் இருக்கிறது: ஷெல்லி என்ற வெள்ளி நிற மீன். உலகத்திலேயே இந்த வட்டாரத்தின் நான்கு ஏரிகளில் மட்டும் வாழ்கிறது. அவற்றில் மிகச் சிறியது ரெட் டார்ன். அரை மணி நேரம் கரையில் நின்றும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

செப்டம்பர் 10, புதன்: ஏரா ஃபோர்ஸ்

நாள் முழுவதும் மழை. மலையில் ஏறுவதற்கில்லை; ஆனால் அருவிக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. ஏரிக்கரைப் பாதையில் ஏரா ஃபோர்ஸ் வரை நடந்தோம். இருபது மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. அருவியின் தலையில் ஒரு கற்பாலம், காலடியில் ஒரு கற்பாலம். கீழ்ப் பாலத்தில் நின்றால் மழை எது, சாரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதிரே நின்ற ஒரு குடும்பத்தில் கைக்குழந்தை ஒவ்வொரு முறை சாரல் முகத்தில் பட்டபோதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு சிரித்தது.

தேநீர்க் கடையில் ஒரு குவளைத் தேநீர் 3 பவுண்டு, லீக் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்த சூப்பும் கனத்த ரொட்டியும் எட்டரைப் பவுண்டு. விலை அதிகம்தான். ஆனால் நனைந்து உட்கார்ந்த எங்களை ஒன்றரை மணி நேரம் யாரும் எழுப்பவில்லை; கடைக்காரப் பெண் கேட்காமலே வெந்நீரை இரண்டு முறை நிரப்பிவிட்டுப் போனாள்.

திரும்புவதற்கான பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் இருந்த நேரம் கடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காரணம் சொல்ல ஆளில்லை, தொலைபேசியில் சிக்னலும் இல்லை. மழையில் திரும்பவும் நடக்கத் தொடங்கினோம். கால் மணி நேரத்தில் பின்னாலிருந்து வந்த ஒரு பழைய ஜீப் நின்றது. ஓட்டியவர் ஆட்டுப்பண்ணைக்காரர். முன் இருக்கையில் நாய். அதைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். இருக்கையெல்லாம் வைக்கோலும் கம்பளி மயிரும்.

வழியெல்லாம் அவர் பேசியது ஆடுகளைப் பற்றித்தான். இங்குள்ளவை ஹெர்ட்விக் இனம். பிறக்கும்போது கறுப்பு, வளர வளரப் பழுப்பு, பிறகு சாம்பல் நிறம். மலைமேல் வேலி இல்லை. ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியை விட்டுத் தாண்டுவதில்லை. எந்தச் சரிவு தன்னுடையது என்பதைத் தாயாடு மேய்ந்து காட்ட, குட்டி கற்றுக்கொள்கிறது. 2001இல் கோமாரி பரவியதால் ஆடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்ல வேண்டி வந்தபோது இழந்தது ஆடுகளை மட்டுமல்ல என்றார் அவர். சந்தையில் புது ஆடு வாங்கலாம். மலையை அறிந்த ஆட்டை வாங்க முடியாது. அதைச் சொல்லும்போது அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

கம்பளிக்கு என்ன விலை என்று தம்பி கேட்டான். மயிர் வெட்டுகிற கூலிக்கே கட்டுவதில்லையாம். அப்படியும் வளர்க்கிறார்கள். பனியாறு செதுக்கிய சரிவுகள் இன்று காடாக இல்லாமல் புல்லாகத் தெரிவதற்கு நூற்றாண்டுகளாக மேய்ந்த இந்த ஆடுகள்தான் காரணம். அது நல்லதா, மரங்கள் திரும்ப வரவேண்டுமா என்று இங்கே பெரிய விவாதம் நடக்கிறது. அருவியடியில் ஈர மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டு வந்த எனக்கு, ஓடைக் கரைகளிலாவது மரங்கள் திரும்ப வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் அதைச் சொன்னேன். ஓடைக்கரைகளில் தானும் நட்டிருப்பதாகச் சொல்லி, போகிற வழியில் வண்டியை நிறுத்திக் குழாய்க் காப்புக்குள் நின்ற கன்றுகளைக் காட்டினார்.

இறங்கும்போது பணம் கொடுக்கப் போனோம். வாங்கவில்லை. விருந்தகத்தில் அன்றிரவு தம்பி கம்பர்லாந்து சாசேஜ் வாங்கினான்: துண்டு போடாமல் ஒரே நீளமாகச் சுருட்டித் தட்டை நிறைத்து வைப்பார்கள், மிளகு தூக்கலாக இருக்கும், 17 பவுண்டு. பேரீச்சம்பழம் போட்டுச் செய்து சூடான டாஃபிப் பாகு ஊற்றிய புட்டிங்கை இருவரும் பகிர்ந்துகொண்டோம். பக்கத்து மேசையில் இருந்தவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்: நாளை காற்று குறைவு, மேகம் உயரம்.

செப்டம்பர் 11, வியாழன்: ஸ்ட்ரைடிங் எட்ஜ்

ஆறு மணிக்கு விழித்தபோது ஜன்னலில் நீல வானம். ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். சுவரின் இடைவெளியைத் தாண்டிப் பத்தடி நடந்து பார்த்தேன். கால் வைத்த இடத்தில் கால் விழுந்தது.

முகட்டின் உயரமான புள்ளி 863 மீட்டர். அதை அடைந்ததும் முன்னால் நீள்வது, ஓட்டு வீட்டுக் கூரையின் உச்சி வரிசையில் நடப்பது போன்ற பாதை. இடப்பக்கம் நெதர்மோஸ்ட் கோவ், வலப்பக்கம் ரெட் டார்ன். இரண்டும் கீழே, மிகக் கீழே. உச்சிப் பாறைகள் மேலேயே நடக்கலாம்; அல்லது வலப்பக்கம் சற்றுக் கீழே ஓடும் ஒற்றையடிப் பாதையில் போகலாம். தம்பி உச்சியில் போனான். நான் பாதி தூரம் அவனோடு போய், பிறகு கீழ்ப்பாதைக்கு இறங்கிக்கொண்டேன்.

பாறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைகள் கக்கிய சாம்பலும் குழம்பும் இறுகிய பாறை. கைபடாத பக்கம் சொரசொரப்பு, மஞ்சளும் பச்சையுமாகப் பாறைப்பாசி. மேற்பக்கத்தில் மட்டும், காலடிகள் படுகிற இடங்களில், தேய்ந்து தேய்ந்து பளபளப்பு ஏறியிருக்கிறது. அந்தப் பளபளப்பின் மேலேயே வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். குளிர்காலத்தில் காலணியில் முள்பட்டை கட்டி ஏறுகிறவர்கள் விட்டவை. மழை நாளில் இந்தப் பளபளப்பில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை. பாறையோரம் ஒரு சிறிய இரும்புப் பலகை இருக்கிறது: 1858 நவம்பர் 27 அன்று வேட்டை நாய்களின் பின்னால் வந்த ராபர்ட் டிக்சன் இங்கே விழுந்து இறந்ததைச் சொல்கிறது.

முகடு முடியும் இடத்தில் ஒரு பாறை இடுக்கு. இரண்டு ஆள் உயரத்துக்குப் பின்புறமாகத் திரும்பி இறங்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் வரிசையில். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு தகப்பன் பத்து வயது மகளைச் சிறு கயிற்றில் பிணைத்துக்கொண்டு, முதலில் அவளை இறக்கிவிட்டுப் பிறகு தான் இறங்கினார். என் முறை வந்ததும் கால் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்த ஒருவர் போகாமல் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "இடது காலை இன்னும் ஒரு சாண் கீழே. அங்கேதான். இப்போது எடையைப் போடலாம்." எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு நான் நின்று அதையே சொன்னேன். அவள் அடுத்தவருக்கு நின்றாள்.

அதன் பிறகு சரளைக் கற்கள் நிறைந்த கடைசி ஏற்றம். மேலே ஏறியதும் ஒரு நினைவுக் கல். 1805இல் சார்ல்ஸ் கஃப் என்ற இளைஞர் இந்த முகட்டைக் கடக்கையில் இறந்தார். மூன்று மாதம் கழித்து உடல் கிடைத்தபோது அவருடைய நாய் பக்கத்திலேயே இருந்தது. 1890இல் வைத்த கல் அது. செவ்வாய்க்கிழமை பார்த்த அம்மாளின் நாய் நினைவுக்கு வந்தது.

சிகரத்தில் காத்திருந்தது பெரிய வியப்பு. இவ்வளவு கூர்மையான முகட்டைக் கடந்து ஏறினால், மேலே சமதளம். 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் இருவரும் இங்கே விமானத்தை இறக்கி, திரும்பவும் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்கும் ஒரு கல் இருக்கிறது. மேற்குப் பக்கம் புல் மூடிய மழுங்கிய சரிவு, தடங்கலில்லாமல் கீழே தேர்ல்மியர் நீர்த்தேக்கம் வரை இறங்குகிறது. கிழக்குப் பக்கம் ஓரடி தள்ளி வைத்தால் ரெட் டார்னின் பாறைச்சுவர். ஒரே மலைக்கு இரண்டு முகம். செவ்வாய்க்கிழமை மேகம் கொட்டியதைக் குழிக்குள்ளிருந்து பார்த்திருக்காவிட்டால், இந்த வேறுபாட்டை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். பனியை இழந்த பக்கமும் பனியைப் பெற்ற பக்கமும் காலுக்கு இருபுறமும் கிடந்தன.

தேர்ல்மியரின் தண்ணீர் 1894 முதல் மான்செஸ்டருக்குப் போகிறது, ஏறத்தாழ 154 கிலோமீட்டர், பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடி. "அக்கா, என் வீட்டுக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான்" என்றான் தம்பி. நெடுநேரம் அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிலுவை வடிவில் கட்டிய கல் மறைப்பில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். எந்தத் திசையில் காற்று வீசினாலும் ஒரு மூலை காற்றில்லாமல் இருக்கும்; அந்த ஒரு மூலையில்தான் அத்தனை பேரும். ஒருவர் கெண்டல் மின்ட் கேக்கை உடைத்துச் சுற்றிக் கொடுத்தார். 1953இல் எவரெஸ்டுக்குப் போன பண்டம். சர்க்கரையும் புதினா எண்ணெயும் வேறொன்றுமில்லை. குளிர்காலத்தில் தேசியப் பூங்காவின் பணியாளர் ஒருவர் ஒவ்வொரு நாளும் இந்தச் சிகரத்துக்கு ஏறி, காற்றின் வேகம், வெப்பநிலை, பனியின் உறுதி எல்லாம் அளந்து மற்றவர்களுக்கு அறிவிக்கிறார் என்று அவர்தான் சொன்னார். டிசம்பர் தொடங்கி வசந்தம் வரை தினமும். விடுதிப் பலகையில் நாங்கள் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகும் ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு நடை இருக்கிறது.

ஸ்விரல் எட்ஜ் வழியாக இறங்கினோம். இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம். முழங்கால்கள் இங்கேதான் முறையிடத் தொடங்கின. ரெட் டார்னில் காலணியைக் கழற்றிக் கால் வைத்தேன். பத்து விநாடிக்கு மேல் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி: கிராஸ்மியர்

முழுச் சுமையோடு கிரைஸ்டேல் பள்ளத்தாக்கு வழியாக மறுபக்கம் கிராஸ்மியருக்கு நடை. பள்ளத்தாக்கின் தரை அகலமாக, தட்டையாக. இருபக்கச் சுவர்களும் செங்குத்தாக. ஆறு மட்டும் வெட்டியிருந்தால் இப்படி யு வடிவம் வராது. வழியில் பாறை மேடுகள்: பனி ஏறிவந்த பக்கம் வழவழப்பு, இறங்கிய பக்கம் பிய்ந்து கரடுமுரடு. அவற்றைப் பார்த்தே பனி எந்தப் பக்கமாக நகர்ந்தது என்று தம்பியும் நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போனோம். நடை சலிக்கவில்லை, சுமைதான் சலித்தது.

கணவாய்க்குச் சற்று முன்பு இருவர் மண்வெட்டியோடு குனிந்து நின்றிருந்தார்கள். ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் அமைப்பின் தொண்டர்கள். பாதையின் குறுக்கே கல் பதித்த வடிகாலில் சேர்ந்த மண்ணையும் சரளையையும் அள்ளிப் போடுவது அவர்கள் வேலை. வடிகால் அடைத்தால் மழைநீர் பாதையிலேயே ஓடும், பாதை ஓடையாகும், நடப்பவர்கள் ஒதுங்கிப் புல்லில் நடப்பார்கள், புல் போய் மண் தெரியும், அடுத்த மழையில் சரிவே அறுந்து போகும். மேலே நாங்கள் ஏறிவந்த கற்படிகள் எல்லாம் கையால் பதித்தவை. கற்களை மூட்டை மூட்டையாக ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கி, ஒவ்வொன்றாக நட்டுவைக்கிறார்கள். தட்டையான முகம் மேலே, மீதி முழுவதும் மண்ணுக்குள். ஐந்து நாளாக அந்தப் படிகளில் நடந்துகொண்டிருந்தோம். தம்பி மண்வெட்டியை வாங்கி ஒரு வடிகாலைச் சுத்தம் செய்து கொடுத்தான். கால் மணி நேரத்தில் வியர்த்துவிட்டான்.

கணவாயை ஒட்டிக் கிரைஸ்டேல் டார்ன் என்ற குளம். டன்மெயில் என்ற அரசன் போரில் மாண்டபோது அவனுடைய வீரர்கள் மணிமுடியை இதில் எறிந்துவிட்டார்கள் என்று கதை இருக்கிறது. அதன் கரையில் கடைசி ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கிராஸ்மியரில் இறங்கினோம்.

தேவாலயத்தை ஒட்டிய சிறு வீட்டில் இஞ்சி ரொட்டிக் கடை. முன்பு ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்த இடம். 1854இல் சாரா நெல்சன் என்பவர் தொடங்கிய தயாரிப்பு. உள்ளே இருவர் நின்றாலே நெருக்கடி என்பதால் வரிசை தெருவரை நீண்டிருந்தது. ரொட்டி என்கிறார்கள், உண்மையில் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் இடையிலானது: மேலே உதிரும் பொடி, உள்ளே மெல்ல இழுக்கும் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் இஞ்சியின் சூடு. இத்தனை நாள் சாப்பாட்டில் தேடாத காரம் இங்கே கிடைத்ததும், வாங்கிய ஆறில் நான்கை நிறுத்தத்திலேயே தின்று தீர்த்தோம்.

வின்டர்மியருக்குப் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. மாடியில் இடம் கிடைத்தது. இறங்கும்போது தம்பியும் நானும் ஓட்டுநருக்கு வாய்விட்டு நன்றி சொன்னோம். ரயிலில் அவன் அடுத்த மே மாதத்துக்கு விடுதி முன்பதிவு செய்யத் தொடங்கிவிட்டான். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: சிகரத்துக்கு ஒரு நாளும், ரெட் டார்னில் சும்மா உட்கார ஒரு நாளும் ஒதுக்க வேண்டும்.